ரயிலை விட்டு இறங்கி விமானம் ஏற: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, வெளியூரிலிருந்து ரயிலில் வந்து சென்னையில் விமானம் ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். 'தவறு என்று சொல்லிவிட்டீர்கள், சரியான வழி எது என்று சொல்லவில்லையே' என்று கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டு, இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: நாங்கள் வரும் ரயில் காலை 6.30 மணிக்குச் சென்ட்ரலை அடைகிறது. அன்றே 9.40க்கு தில்லி விமானம். உடன் வருபவர் என் தாயார், வயது 71. பெரிய பெட்டிகள் இரண்டு. டாக்சியில் போங்கள் என்கிறான் மகன். மெட்ரோவை விட்டால் வேறு வழியே கிடையாது என்கிறார் சென்னையில் இருக்கும் உறவினர். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகர், கோவை

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விமானம் 9.40க்கு என்றால், நீங்கள் எட்டிப்பிடிக்க வேண்டிய நேரம் 9.40 அன்று. உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி ஒப்படைக்கும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். மூடிய பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் பெட்டி உள்ளே போகாது. ஆகவே உங்கள் கெடு 8.40. அந்தக் கவுன்ட்டருக்கு முன்னால் இருக்கும் வரிசை, வாசலில் அடையாள அட்டை பார்க்கும் வரிசை இரண்டையும் சேர்த்தால், 8.10க்குள் முனையத்தின் வாசலில் நின்றாக வேண்டும்.

இனிப் பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். சென்ட்ரல் மெட்ரோவிலிருந்து விமான நிலையம் வரை நீல வழித்தட ரயிலில் ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். இறங்கியபின் மேம்பால நடைபாதை வழியாக முனையத்துக்குப் போகப் பெரியவர்களோடு என்றால் 15 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில், நீண்ட ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, நடைமேடை முழுவதையும் நடந்து, நிலையத்துக்கு வெளியே வந்து, மெட்ரோவின் சுரங்கத்துக்குள் இறங்கி, பெட்டிகளை ஸ்கேன் இயந்திரத்தில் விட்டு எடுத்து, சீட்டு வாங்கி, நடைமேடைக்குப் போய்ச் சேர 20 முதல் 25 நிமிடம் ஆகும். மொத்தம் ஒரு மணி இருபது நிமிடம். ரயில் சொன்னபடி 6.30க்கு வந்தால் 7.50க்கு முனையத்தில் இருப்பீர்கள். அரை மணி தாமதமானால் 8.20, மூச்சு வாங்கும், ஆனாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஒரு மணி தாமதமானால் மெட்ரோவும் காப்பாற்றாது, டாக்சியும் காப்பாற்றாது.

டாக்சியைப் பொறுத்தவரை, சென்ட்ரலிலிருந்து அண்ணா சாலை, சைதாப்பேட்டை, கிண்டி, கத்திப்பாரா வழியாகப் பதினெட்டு, இருபது கிலோமீட்டர் ஓட வேண்டும். காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்பது உண்மைதான். உங்கள் மகன் அந்த நேரத்தை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறார். ஆனால் ரயில் தாமதமாக வந்து எட்டு மணிக்கு அதே சாலையில் ஏறினீர்களென்றால், அலுவலகம் போகும் நகரமே உங்களுக்கு முன்னால் நிற்கும். ரயில் தாமதமாகத் தாமதமாகச் சாலையும் மோசமாகிக்கொண்டே போகும் என்பதுதான் டாக்சியில் உள்ள சிக்கல். மெட்ரோ ஆறரைக்கும் அதே 40 நிமிடம், எட்டரைக்கும் அதே 40 நிமிடம். உங்கள் உறவினர் பக்கமே நான் நிற்கிறேன்.

தாயாருக்குச் சிரமமானது மெட்ரோ அன்று, சென்ட்ரலின் நடைமேடைதான். அங்கே ஒரு போர்ட்டரை அமர்த்திக்கொண்டு, மெட்ரோ வாயில் வரை பெட்டிகளைக் கொண்டுவரும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 'வெளியே வரை' என்று பேசினால் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மெட்ரோவுக்குள் மின்தூக்கி உண்டு. நகரும் படிக்கட்டில் பெரிய பெட்டியையும் பெரியவரையும் ஒன்றாக ஏற்றுகிற வேலையே வேண்டாம். கீழே இறங்கியதும் பலகையைப் பாருங்கள். சென்ட்ரலில் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கின்றன. 'விமான நிலையம்' என்று எழுதியிருக்கும் நீல வழித்தடமே உங்களுக்கு உரியது. பச்சை வழித்தடம் எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு பரங்கிமலைக்குப் போவது. அதில் ஏறிவிட்டாலும் ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம், ஆனால் உங்களிடம் இருக்கும் நேரத்துக்கு அது கட்டாது.

கட்டணம் ஆளுக்கு 40 ரூபாய்தான். கடைசியாக ஒன்று: அடுத்த முறை சீட்டு எடுக்கும்போது, ரயிலுக்கும் விமானத்துக்கும் இடையே மூன்று மணி நேரம் பத்து நிமிடம் வைக்காதீர்கள். ஐந்து மணி நேரம் வையுங்கள். மிஞ்சுகிற நேரத்தில் அம்மாவுக்கு நிதானமாக ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாம்.

கேள்வி: ராஜபாளையத்திலிருந்து இரவு ரயிலில் எழும்பூருக்கு வந்து, அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோவில் போவது எங்கள் வீட்டு வழக்கம். ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்கு ஆகும் செலவு ரயில் சீட்டையே மிஞ்சிவிடுகிறது. எழும்பூரிலிருந்து மலிவான வழி உண்டா?
— ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: உண்டு. எழும்பூருக்கே போகாமல் இருப்பதுதான் அந்த வழி.

விளையாட்டாகச் சொல்லவில்லை. தெற்கேயிருந்து வரும் உங்கள் ரயில் செங்கல்பட்டு, தாம்பரம், பல்லாவரம், திரிசூலம், கிண்டி, மாம்பலம் என்ற வரிசையில் எழும்பூருக்குப் போகிறது. இவற்றில் திரிசூலம் நிலையத்துக்கு நேர் எதிரே, தாம்பரம் பக்கம் போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் விமான நிலையம். அதாவது நீங்கள் போர்வையை மடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், போக வேண்டிய இடம் உங்கள் சன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டி எழும்பூர் வரை போய், அங்கே ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, வந்த வழியே திரும்பி வருகிறீர்கள். இதற்குத்தான் அந்தப் பணம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு, மதுரையிலிருந்து வந்த ரயிலில் கீழ்ப்படுக்கையில் உட்கார்ந்து, திரிசூலம் மலையையும் அதற்கு எதிர்ப்பக்கம் ஓடுதளத்தில் வால் மட்டும் தெரிய நின்ற விமானத்தையும் சன்னல் வழியே பார்த்து, 'அதோ ஏர்போர்ட்' என்று பக்கத்து இருக்கைக் குழந்தைக்குக் காட்டிவிட்டு, எழும்பூரில் போய் இறங்கினேன். மறுபடி அதே மலையை நான் பார்த்தபோது ஒன்றேமுக்கால் மணி நேரம் கழிந்திருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகத்தான் தலையை அசைத்தார். விமானம் புறப்பட இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. எனக்கு அதில் இடம் இல்லை.

ஆகவே தாம்பரத்தில் இறங்குங்கள். தெற்கிலிருந்து வரும் விரைவு ரயில்களில் பெரும்பாலானவை அங்கே நிற்கும். உங்கள் ரயில் நிற்கிறதா என்று சீட்டு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் வரை சீட்டு வைத்திருப்பவர் தாம்பரத்தில் இறங்குவதில் எந்தத் தடையும் இல்லை. இறங்கியதும் நடைமேம்பாலத்தில் ஏறி, சென்னைக் கடற்கரை நிலையம் செல்லும் மின்சார ரயில் எந்த நடைமேடையில் வருகிறது என்று பார்த்து அங்கே போய் நில்லுங்கள். தாம்பரத்துக்கு அடுத்தது சானடோரியம், பிறகு குரோம்பேட்டை, பல்லாவரம், நான்காவதாகத் திரிசூலம். பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம். சீட்டு பத்து ரூபாயைத் தாண்டாது. ஆனால் உங்கள் எழும்பூர்ச் சீட்டை வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறிவிடாதீர்கள். அது வேறு பயணம், தனிச் சீட்டு வேண்டும்.

திரிசூலத்தில் இறங்கி வெளியே வந்தால் சுரங்கப்பாதை. அது ஜி.எஸ்.டி. சாலைக்கு அடியில் போய் விமான நிலையப் பக்கம் ஏறுகிறது. இங்கேதான் ஒரு சங்கடம்: படிகள். சக்கரம் வைத்த பெட்டி படியில் உருளாது. முன்னால் போகிறவர் இழுக்க, ஒவ்வொரு படியிலும் 'டக், டக்' என்று மோதிக்கொண்டு வரும் பெட்டிகளின் சத்தம்தான் காலை நேரத்தில் அந்தச் சுரங்கப்பாதைக்கு அடையாளம். கைப்பை, நடுத்தரமான ஒரு பெட்டி என்றால் கவலையில்லை. ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி, கூடவே ஒரு கூடை என்று வருகிறவர்கள், தாம்பரத்திலேயே டாக்சி எடுத்துவிடுவது மேல். அங்கிருந்து விமான நிலையம் ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். எழும்பூரிலிருந்து கொடுக்கிற பணத்தில் பாதிகூட ஆகாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. காலை ஏழு மணிக்கு முன்பு கடற்கரைப் பக்கம் போகும் மின்சார ரயில்களில் உட்கார இடமே கிடைக்கும். எட்டு மணிக்கு மேல் அவற்றில் ஏறுவதற்குப் பெட்டி இல்லாதவர்களே சிரமப்படுவார்கள். மேலும், ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காகத் தாம்பரம், கடற்கரை இடையே சில மணி நேரம் ரயில்களை நிறுத்திவைப்பது அடிக்கடி நடக்கிறது. முதல் நாள் செய்தித்தாளில் அந்த அறிவிப்பு இருக்கும். ஞாயிறன்று வருவதாக இருந்தால் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: மெட்ரோ வரைபடத்தில் 'மீனம்பாக்கம்' என்று ஒரு நிலையம், 'விமான நிலையம்' என்று இன்னொரு நிலையம் இருக்கின்றன. சென்னை விமான நிலையத்தை மீனம்பாக்கம் என்றுதானே சொல்கிறோம்? எங்கே இறங்க வேண்டும்?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: கடைசி நிலையமான 'விமான நிலைய'த்தில் இறங்குங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கினால் ஒரு நிலையம் முன்னதாக இறங்கியவர் ஆவீர்கள். மின்சார ரயிலிலும் இதே கதைதான்: அதிலும் 'மீனம்பாக்கம்' என்று ஒரு நிலையம் உண்டு, அதிலும் அங்கே இறங்கக் கூடாது, நகரத்திலிருந்து வரும்போது அடுத்த நிலையமான திரிசூலத்தில்தான் இறங்க வேண்டும். பேரை நம்பி மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியோடு ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக நடப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அடுத்த ஆண்டு, 1932 அக்டோபரில், கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு டாடா நிறுவனத்தின் தபால் விமானம் வரத் தொடங்கியது. பிற்பாடு பயணிகளுக்காக முதல் முனையம் கட்டப்பட்டபோது அது விமானத்தளத்தின் வடகிழக்கு மூலையில், மீனம்பாக்கம் ரயில் நிலையத்தின் பக்கமாக அமைந்தது. ஆகவே அந்தக் காலத்தில் 'மீனம்பாக்கத்தில் இறங்கு' என்று சொன்ன தாத்தாக்கள் சரியாகத்தான் சொன்னார்கள். 1980களில் புதிய முனையங்களைத் தெற்கே தள்ளித் திரிசூலத்துக்கு எதிரே கட்டினார்கள். கட்டடம் இடம் மாறிவிட்டது; பேர் மாறவில்லை. நாமும் இன்றுவரை பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முனையங்களையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய கட்டடம் இரண்டாம் முனையம். வெளிநாட்டு விமானங்கள் அங்கிருந்துதான். உள்நாட்டு விமானங்கள் ஒன்றாம் முனையம், நான்காம் முனையம் என்று பிரிந்திருக்கின்றன. உங்கள் பயணச்சீட்டில் 'டி1' அல்லது 'டி4' என்று இருக்கும். மெட்ரோவிலிருந்து மேம்பால நடைபாதையில் ஏறுவதற்கு முன் அந்த எழுத்தைப் பார்த்துவிடுங்கள். ஒன்றுக்கும் நான்குக்கும் இடையே நடப்பது, நேரம் இருக்கும்போது உடற்பயிற்சி, இல்லாதபோது தண்டனை.

கேள்வி: சென்ட்ரலில் இறங்கிய பிறகு மெட்ரோவில் போகாமல் மின்சார ரயிலில் விமான நிலையம் போக முடியுமா? 'பூங்கா' நிலையம் என்கிறார்கள், 'பூங்கா நகர்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: ஒன்றல்ல. 'சென்னைப் பூங்கா' என்பது கடற்கரை–தாம்பரம் வழித்தடத்தில் உள்ள நிலையம். திரிசூலம் போகும் ரயில் அங்கேதான் நிற்கும். 'பூங்கா நகர்' என்பது கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், மயிலாப்பூர் வழியாக வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலின் நிலையம். அந்த ரயில் விமான நிலையத்தின் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. இரண்டும் அருகருகே, சென்ட்ரலுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் அவசரத்தில் மாறி ஏறிவிடுகிறார்கள். இன்னொரு பொறியும் உண்டு: சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட் வளாகம் என்று புறநகர் ரயில்களுக்கான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து புறப்படுபவை ஆவடி, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி என்று எதிர்த்திசைகளில் போகிறவை.

சென்ட்ரலிலிருந்து சுரங்கப்பாதை வழியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து பூங்கா நிலையத்துக்குப் போய், தாம்பரம் அல்லது செங்கல்பட்டு ரயிலில் ஏறினால், முக்கால் மணி நேரத்துக்குள் திரிசூலம். மெட்ரோவை விட மலிவு. படிகள் அதிகம், சாதாரண மின்சார ரயில்களில் குளிர்சாதனம் கிடையாது. தோளில் ஒரு பையோடு தனியாகப் போகும் நாட்களில் நான் இதில்தான் போகிறேன்.

கேள்வி: நெல்லூரிலிருந்து வரும் ரயில் இரவு 11.20க்குச் சென்ட்ரலை அடைகிறது. அதிகாலை 4 மணிக்குச் சிங்கப்பூர் விமானம். தனியாகப் பயணம் செய்கிறேன். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, நெல்லூர்

பதில்: மெட்ரோ அதிகாலை 5 மணிக்குத் தொடங்கி, முனை நிலையங்களிலிருந்து இரவு 11 மணியோடு கடைசி ரயிலை விடுகிறது. ஆகவே அதை மறந்துவிடுங்கள். மின்சார ரயில் நள்ளிரவை ஒட்டி வரை ஓடுகிறது என்றாலும், நீங்கள் இறங்கி, பெட்டியோடு பூங்கா நிலையத்துக்குப் போய், கடைசி ரயிலைப் பிடித்து, நள்ளிரவுக்கு மேல் திரிசூலத்தின் சுரங்கப்பாதையில் தனியாக நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரயில் கால் மணி தாமதமானாலும் அந்தத் திட்டம் குலைந்துவிடும்.

டாக்சியில் போங்கள். மேலே கோவை வாசகருக்குச் சாலையைக் குறை சொன்ன அதே ஆள்தான் இதையும் சொல்கிறேன்: இரவு பதினொன்றரைக்கு மேல் அண்ணா சாலை வேறு சாலை. அரை மணி, நாற்பது நிமிடத்தில் போய்விடலாம். செயலி வழியாக அழைப்பதாக இருந்தால், ரயில் நிலையத்துக்குள் நின்று அழைக்காமல், வெளியே வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்துக்கு வந்த பிறகு அழையுங்கள். வண்டி எண்ணைச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள். பயண விவரத்தை வீட்டாருக்குப் பகிர்ந்துவிடுங்கள். முன்பணம் கட்டும் டாக்சி கவுன்ட்டர் திறந்திருந்தால் அது இன்னும் நல்லது. கையில் சீட்டு இருக்கும், பேரம் இருக்காது. 'மேடம், ஏர்போர்ட்டா?' என்று நடைமேடை வரை வந்து பெட்டியில் கை வைக்கிறவர்களோடு போகாதீர்கள். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்பதல்ல. அந்த நேரத்தில் யார் எப்படி என்று ஆராய்ந்துகொண்டிருக்க உங்களால் முடியாது என்பதுதான் காரணம்.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு வரச் சொல்கிறார்கள். நீங்கள் பன்னிரண்டரைக்குள் போய்விடுவீர்கள். உங்களுடைய நேரப் பொருத்தம், உண்மையில், இந்த ஏழு கடிதங்களில் மிகச் சிறந்தது.

கேள்வி: துபாயிலிருந்து மாலை 5.30க்கு இறங்குகிறேன். இரவு எழும்பூரிலிருந்து தஞ்சாவூர் ரயில். இடைப்பட்ட நேரத்தில் எழும்பூர் போவது எப்படி?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ராஜபாளையம் வாசகிக்குச் சொன்னதையே திருப்பிப் போட்டுச் சொல்கிறேன்: தஞ்சாவூர் தெற்கே இருக்கிறது, நீங்கள் எதற்காக வடக்கே எழும்பூருக்குப் போகிறீர்கள்? உங்கள் ரயில் எழும்பூரில் புறப்பட்டுத் தாம்பரம் வழியாகத்தான் போகும். தாம்பரத்தில் ஏறுங்கள்.

ஆனால் இதில் ஒரு கட்டாயமான வேலை இருக்கிறது. சீட்டில் ஏறும் நிலையம் எழும்பூர் என்று இருந்து, நீங்கள் அங்கே ஏறவில்லையென்றால், பரிசோதகர் உங்களை வராதவர் என்று குறித்துப் படுக்கையைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குக் கொடுத்துவிடலாம். ஆகவே துபாயில் இருக்கும்போதே, முன்பதிவு செய்த இணையக் கணக்கில் ஏறும் நிலையத்தைத் தாம்பரம் என்று மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு ஊரிலும் கால் வைக்க முடியாது.

5.30க்கு இறங்குவது என்பது 5.30க்கு வெளியே வருவது அன்று. குடியேற்றச் சோதனை, பெட்டி வரும் வரை காத்திருப்பது, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி என்பது தாம்பரம் பக்கம் அலுவலகக் கூட்டம் வீடு திரும்பும் நேரம். மின்சார ரயிலிலும் நெரிசல், ஜி.எஸ்.டி. சாலையிலும் நெரிசல். துபாய்ப் பெட்டிகளின் கனம் எனக்குத் தெரியுமாதலால், டாக்சியிலேயே போங்கள் என்கிறேன். தூரம் குறைவாக இருப்பதால், எவ்வளவு நெரிசலானாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவசரப்பட்டு ஓட வேண்டாம்.

கேள்வி: டிசம்பரில் என் மகள் விமானம் ஏறுகிறாள். மழை, புயல் என்றால் எந்த வழி பாதுகாப்பானது?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: சாதாரண மழைக்கு மெட்ரோவை நம்பலாம். சென்ட்ரலிலிருந்து சைதாப்பேட்டை வரை சுரங்கம், அதற்குப் பிறகு விமான நிலையம் வரை மேம்பாலம் என்பதால், சாலையில் தேங்கும் நீர் அதை எளிதில் தொடாது. உங்கள் ஊரிலிருந்து வருகிறவர்கள் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் வரலாம். பெருமழையில் தண்டவாளத்தில் நீர் ஏறினால் மட்டும் அது நின்றுவிடும்.

புயல் என்றால் கேள்வியே வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையத்தையே சில நாட்கள் மூடிவைத்தார்கள். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போதும் ஓடுதளத்தில் நீர் நின்று விமானங்கள் நிறுத்தப்பட்டன. அடையாற்றின் மீது பாலம் கட்டி நீட்டிய ஓடுதளம் ஒன்று அங்கே இருக்கிறது. ஆறு நிறைந்தால் அதன் பாதிப்பு விமான நிலையத்துக்குள் வருவதில் வியப்பில்லை. அப்படிப்பட்ட நாளில் சென்ட்ரலிலிருந்து எப்படிப் போவது என்று யோசிப்பதில் பயனில்லை. வானிலை எச்சரிக்கை வந்தால், மகள் திருநெல்வேலியில் ரயில் ஏறுவதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் விசாரித்துவிடுங்கள். விமானம் தள்ளிப்போயிருந்தால் வீட்டிலேயே ஒரு நாள் கூடுதலாக இருக்கட்டும்; தாம்பரம் நிலையத்தின் நடைமேடையில் நனைந்த பெட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.